மின்னூல் திருட்டைத் தடுக்க டிஆர்எம் போட்டால் போதுமா?

டிஆர்எம் என்பது மின்னூல் கோப்பை வாங்கியவரின் கணக்கோடு பிணைக்கும் மறையாக்கம். வாங்கியவர் அதே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மற்றவர் போனில் திறக்காது. ஆனால் பக்கம் பக்கமாகத் திரையைப் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்குபவரை அது தடுக்காது. அதனால் டிஆர்எம்மைப் போடுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள்.

எழுத்தாளரே மின்னூல் வெளியிடும் தளமான அமேசான் கேடிபியில் கையெழுத்துப் பிரதியை ஏற்றும் பக்கத்திலேயே டிஆர்எம் வேண்டுமா என்ற கேள்வி இருக்கும். அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள். 2026 ஜனவரி 20 முதல், டிஆர்எம் இல்லாமல் வெளியிடும் புதிய நூலை வாங்கியவர் இபப் (ஒரு மின்னூல் கோப்பு வகை), பிடிஎஃப் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். கூகுள் பிளே புக்ஸிலும் இந்தத் தேர்வு உண்டு.

நேரடியாக பிடிஎஃப் விற்பவர்கள் கம்ரோடு, பேஹிப் போன்ற தளங்களில் முத்திரையிடும் வசதியை இயக்கலாம். வாங்கியவரின் மின்னஞ்சல் கோப்பில் பதிந்துவிடும். கசிந்தால் எந்தப் பிரதி என்று தெரியும். மெய்ப்பு பார்க்கவும் விமர்சனத்துக்கும் அனுப்பும் பிடிஎஃப்தான் பலர் கவனிக்காத ஓட்டை. அதற்கு எந்தப் பூட்டும் இல்லை. ஒவ்வொருவர் பிரதியிலும் வெவ்வேறு இடத்தில் ஒரு சொல்லை மாற்றி, யாருக்கு எது போனது என்று குறித்து வையுங்கள்.

இந்தியாவில் பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் செய்துவிடுங்கள், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். திருட்டுப் பிரதியைக் கண்டு கேடிபி உங்களிடமே உரிமைச் சான்று கேட்டால் அது கைகொடுக்கும்.

டெலிகிராமில் நூல் கிடந்தால் சேனல் பெயரை மட்டும் எழுதிப் புகார் அனுப்பாதீர்கள். கோப்புள்ள பதிவின் நேரடி இணைப்பு, அசல் நூலின் விற்பனைப் பக்கம், உங்கள் முகவரி, உரிமையாளர் நீங்களே என்ற உறுதிமொழி, கையொப்பம் ஆகிய ஐந்தும் வேண்டும். ஒன்று விடுபட்டாலும் புகார் கிடப்பில் போகலாம். அந்தப் பதிவு அழிக்கப்படுவதற்குமுன் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 2013 பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி, முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு தராவிட்டால் அது மீண்டும் திறக்கப்படலாம். உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஆர்எம் பூட்டை உடைப்பதும் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவின்கீழ் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை.

வாரம் ஒருமுறை நூலில் மட்டுமே வரக்கூடிய ஏழெட்டுச் சொல் கொண்ட வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் இட்டு இணையத்தில் தேடுங்கள். படமாக்கிய பிடிஎஃப் இதில் சிக்காமல் போகலாம். அதற்கு நூல் பெயரோடு ‘பிடிஎஃப்’ சேர்த்துத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேட வேண்டும்.