அதிகம் விக்காத வண்டிக்கு பார்ட்ஸ் தேடுறது எப்படிங்க?

எங்கிட்ட இருக்கறது ஹோண்டா டேஸ்லர் பைக்கு. 2010ல வந்த வண்டி, பெருசா விக்கல, இப்ப அவினாசி ரோட்டுல எதுக்கால இன்னொரு டேஸ்லர் வந்தா கை காட்டிட்டுப் போற அளவுக்குத்தான் மிச்சம் இருக்கு. கடைக்குப் போயி "டேஸ்லருக்கு கேபிள் இருக்குங்களா"ன்னு கேட்டா "அது எந்த வண்டிங்"னு நம்மளையே திருப்பிக் கேப்பாங்க, சில கடைல அதுவும் கேக்க மாட்டாங்க, தலைய ஆட்டித் தாட்டி விட்டுருவாங்க. உங்ககிட்ட யமஹா எண்டைசரோ சுசுகி ஜிஎஸ்150ஆரோ எது இருந்தாலும் கதை இதேதான், அதனால நான் பண்ற மாதிரியே எழுதிடறேன்.

ஸ்டெப் 1: வண்டி பேரச் சொல்லாதீங்க, நம்பரச் சொல்லுங்க

ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி பார்ட்ஸ் கேட்லாக்னு ஒண்ணு போட்டிருப்பாங்க. ஒவ்வொரு பாகத்தையும் பிரிச்சுப் படம் போட்டு பக்கத்துல பார்ட் நம்பர் இருக்கும். தெரிஞ்ச மெக்கானிக்கோ ஸ்பேர்ஸ் கவுண்டர்ல இருக்கறவங்களோ பிடிஎஃப் வெச்சிருப்பாங்க, நயமாக் கேட்டா வாட்ஸப்ல அனுப்பி விடுவாங்க.

ஹோண்டா நம்பர் மூணு துண்டா வரும். மொத 5 நம்பர் அது என்ன சாமான்னு சொல்லும், நடுவுல 3 எழுத்து அது மொதல்ல எந்த மாடலுக்குச் செஞ்சதுன்னு சொல்லும். நமக்கு வேண்டியது அந்த நடு எழுத்துதான். பாடி பேனல் மாதிரி உங்க வண்டிக்குன்னே செஞ்ச சாமானோட நம்பரப் பாருங்க, அதுல நடுவுல வர்றது உங்க வண்டி கோடு. இப்ப தேடற சாமான்ல வேற கோடு இருந்துச்சுன்னா அது இன்னொரு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டது, அந்த வண்டி ஓடற வண்டியா இருந்தா உங்க பிரச்சன பாதி முடிஞ்சுது. யமஹாவுல இந்த மாடல் கோடு நம்பரோட ஆரம்பத்துலயே வந்துரும்.

ஸ்டெப் 2: வண்டியோட பங்காளி யாருன்னு கண்டுபிடிங்க

டேஸ்லர்ல இருக்கறது ஹோண்டாவோட இன்னொரு பைக்கான யூனிகார்னோட 149.1 சிசி எஞ்சின். அதனால எஞ்சின் சாமான் முக்காவாசி யூனிகார்னுக்குன்னே கேட்டு, நம்பர ஒத்துப் பாத்து வாங்கிருவேன். ஆனா எஞ்சின் ஒண்ணுங்கறதுக்காக எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சுராதீங்க. பழைய யூனிகார்னுக்கு 18 இன்ச் வீல், பின்னாடி டிரம் பிரேக்கு. எனக்கு 17 இன்ச், பின்னாடி டிஸ்க்கு. ஒருக்கா ஆன்லைன்ல "யூனிகார்ன், டேஸ்லர் ரெண்டுக்கும் பொருந்தும்"னு போட்டிருந்தத நம்பி பின் பிரேக்குக்கு ஆர்டர் பண்ணேன், பார்சலப் பிரிச்சா டிரம்முக்குள்ள போற பிரேக் ஷூ! டிஸ்க் வண்டிக்கு ஷூவ எங்கீங்க மாட்டறது? அதிலிருந்து காசு கட்டறதுக்கு முன்னாடி சாமான் பக்கத்துல ஸ்கேல் வெச்சு ஒரு போட்டோ கேட்டு வாங்கிக்கறேன்.

ஸ்டெப் 3: அளவெடுங்க

வெர்னியர்னு மில்லிக் கணக்குல அளக்கற கருவி ஒண்ணு வாங்கிப் போடுங்க. சில சாமானுக்கு அதுகூட வேண்டாம், மேலயே எழுதியிருக்கும். பேரிங் ஓரத்துல 6301னு இருந்தா உள்ள 12, வெளிய 37, தடிமன் 12 மில்லி, எந்தக் கம்பெனி பேரிங்கா இருந்தாலும் அதேதான், பேரிங் கடைலயே கிடைக்கும், பைக் பேரே அங்க தேவையில்ல. ஆயில் சீல்லயும் மூணு அளவும் அடிச்சிருக்கும். செயின்ல 428னு போட்டிருந்தா பிட்ச் (ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம்) 12.7 மில்லி, அதோட கண்ணி எத்தன, ஸ்ப்ராக்கெட்ல பல்லு எத்தனன்னு எண்ணிக்கோங்க. ரோலன் செயின் நம்ம கோயமுத்தூர் எல்ஜிபி போடறதுதான், ஹாரன்னா ரூட்ஸ் இருக்கு, இது ரெண்டுக்கும் வெளியூர்ல தேடீட்டு இருந்தா நம்மளப் பாத்து சிரிப்பாங்க. ஸ்பார்க் பிளக்கு மட்டும் சாக்கிரதை, மரை சரியா இருந்து நீளம் அதிகமாயிருச்சுன்னா பிஸ்டன்ல இடிச்சுரும்.

ஸ்டெப் 4: பழைய சாமான்

உக்கடம் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க, மெட்ராஸ் போறவங்க இருந்தா புதுப்பேட்டைல கேக்கச் சொல்லுங்க. கழட்டுன பழைய சாமான கையில கொண்டு போங்க, வாயில சொல்லி வேலைக்காகாது. பில்லு தர மாட்டேன்னு சொன்னா வாங்காதீங்க, திருட்டு வண்டி சாமானா இருந்தா நமக்கு எதுக்கு வம்பு.

ஸ்டெப் 5: கிடைக்கவே இல்லீன்னா லேத்து

இந்த விசயத்துல நம்மூர்க்காரங்க குடுத்து வெச்சவங்க, கணபதிப் பக்கம் போனா சந்துக்குச் சந்து லேத்துப் பட்டறை. எனக்கு ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தத் தாங்கற கை) புஷ், அதுக்குள்ள இருக்கற குழாய் மாதிரி சாமான், தேஞ்சு பின் சக்கரம் ஆடுச்சு, நானே வெர்னியர் வெச்சு அளந்து பேப்பர்ல எழுதிக் கொண்டு போனேன். லேத்துக்காரண்ணன் பேப்பரப் பாக்கவே இல்ல, பழைய புஷ்ஷ வாங்கி உள்பக்கம் நகத்த விட்டு ஒரு இழு இழுத்தாரு, நடுவுல நகம் பள்ளத்துல எறங்கி ஓரத்துல வந்து தட்டி நின்னுச்சு. "தேஞ்ச எடத்த அளந்துட்டு வந்திருக்கற கண்ணு, இதே மாதிரி கடைஞ்சா புதுசும் ஆடத்தான் செய்யும், தேயாத ஓரத்துல அள"ன்னாரு. அளந்தா அர மில்லி வித்தியாசம்! கன்மெட்டல்ல (ஒரு வகை வெண்கலம்) கடைஞ்சு குடுத்தாரு, மூணு வருசமாச்சு, அசையல.

புஷ், ஸ்பேசர் இதெல்லாம் கடையலாங்க. பிரேக் சாமான், வீல் ஆக்சில் மட்டும் வேண்டவே வேண்டாம், அதுக்குக் கம்பெனி நம்பர் போட்டது கிடைக்கற வரைக்கும் வண்டிய நிறுத்தி வெச்சாலும் பரவால்ல.

சைலன்சர் தேடறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்தத இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது, சத்தம் போடறதப் போட்டுக்கிட்டு காந்திபுரம் சிக்னல்ல மாட்டுனா என்னையச் சொல்லாதீங்க.

அப்பறம் கிடைக்கறப்பவே கிளட்ச் கேபிள் ரெண்டா வாங்கி வெச்சுக்கோங்க, கவர்மேல நம்பர எழுதி வெச்சா அடுத்த தடவ தேட வேண்டாம். எனக்கு டெயில் பேனல் மட்டும் இன்னும் சிக்கல, கேபிள் டை போட்டுக் கட்டித்தான் ஓடுது. இடது பக்கத்துது யாருகிட்டயாவது கெடந்தா சொல்லுங், கலர் எதா இருந்தாலும் பரவால்ல.