கீமோ நடக்கும் வீட்டில் கூழ்ப்பானை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகிக் களியும் கூழும் அன்றாடச் சாப்பாடு. குடல் பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல தீனியைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் புற்றுநோய் வராமல் காக்கச் சாப்பிடுவது வேறு, கீமோ, அதாவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சை, ஓடும்போது சாப்பிடுவது வேறு.

நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியா புளிக்கவைத்து பியூட்ரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகிறது. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். நார்ச்சத்து நிறையச் சாப்பிடுபவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவாக வருகிறது. ஒரு நாளைக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். 100 கிராம் ராகியில் சுமார் 11 கிராம் இருக்கிறது. வெள்ளை அரிசியில் 3 கூட இல்லை. 150 கிராம் மாவில் களி, ஒரு கைப்பிடி கொள்ளில் குழம்பு, கீரை, ஒரு கொய்யா சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றுங்கள். புகையிலையை விடாமல் கூழை மட்டும் நம்பிப் பயனில்லை.

கூழுக்கு ஒரு கப் மாவை இரண்டு கப் நீரில் கரைத்து இரவு மூடி வையுங்கள். கோடையில் 6 மணி நேரம் போதும், மார்கழியில் 12 ஆகும். மேலே சிறு குமிழும் இதமான புளிப்பு வாசமும் வந்தால் பதம். காலையில் கால் கப் நொய்யை நான்கு கப் நீரில் வேகவிட்டு, மாவை ஊற்றி, அடிபிடிக்காமல் 15 நிமிடம் கிளறுங்கள். இந்தக் கொதியில் முதல் நாள் பாக்டீரியா பெரும்பாலும் செத்துவிடும். உயிருள்ளவை ஆறிய கூழை மறுபடி இரவு வைக்கும்போதும், மோர் ஊற்றும்போதும்தான் வருகின்றன. ரோஸ் நிறமோ பூஞ்சையோ தெரிந்தால் மேலாக வழித்துவிட்டுக் குடிக்காதீர்கள், மொத்தமாகக் கொட்டுங்கள்.

கீமோ தொடங்கியதும் புளித்த கூழ், பழைய சோறு, பச்சை வெங்காயம் மூன்றையும் நிறுத்துங்கள். மருந்து ஏறிய 7 முதல் 14 நாளுக்குள், ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு பொதுவாக மிகவும் இறங்கும். அப்போது பானையில் தற்செயலாக வளர்ந்த கிருமி ரத்தத்துக்குள் போகலாம். மாவை அன்றன்று காய்ச்சி, சூடாகவே கஞ்சியாகக் கொடுங்கள். வீட்டில் உறை ஊற்றிய தயிர் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வயிற்றுப்போக்கு இருந்தாலோ, குடலில் அடைப்போ புதிதாகச் செய்த அறுவை சிகிச்சையோ இருந்தாலோ ராகி, கொள்ளு, கீரை ஆகாது. வயிற்றுப்போக்குக்கு வடித்த அரிசிக் கஞ்சியும், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்த ஒரு பாக்கெட் ஓஆர்எஸ்ஸும் (உப்பு-சர்க்கரைத் தூள்) கொடுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், நம் ஊர்த் தண்ணீரின் ஃபுளோரைடு போகாது. அதனால் போர் தண்ணீரைவிடக் குடிநீர்க் குழாய் நீரே நல்லது.

உயிருள்ள நல்ல கிருமிகளை அடைத்த புரோபயாடிக் மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சில் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியாவின் சில வகைகள் உதவலாம், அதையும் மருத்துவர்தான் எழுத வேண்டும். சில மாத்திரைகளில் இருக்கும் பவுலார்டி என்ற ஈஸ்ட், கழுத்திலோ மார்பிலோ மருந்துக் குழாய் போட்டவர்களின் ரத்தத்தில் கலந்து தொற்றாகியிருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி சிகிச்சை எடுப்பவர்களிடம் நடந்து 2021-இல் வெளியான மெலனோமா (தோல் புற்றுநோய்) ஆய்வில், நாளைக்கு 20 கிராமுக்கு மேல் நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு நோய் மெதுவாகவே முன்னேறியது. புரோபயாடிக் மாத்திரையால் அந்தப் பலன் தெரியவில்லை. சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினால் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழியும். ஆனால் வெள்ளணு குறைந்த காய்ச்சலுக்கு மருத்துவர் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது.

சிகிச்சை முடிந்து, வெள்ளணு ஏறி, மருத்துவர் சரி என்றதும் முதலில் அரை டம்ளர் மோர். மூன்று நாள் வயிறு ஏற்றுக்கொண்டால் ஒரு கரண்டி கூழ்.