பாவத்தில் விழுந்தால் இரட்சிப்பு போய்விடுமா? இந்தக் கேள்வியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசுவாசி ஒருவர் பாவத்தில் விழுந்ததும் இரண்டு வசனங்கள் கைக்கு வந்துவிடுகின்றன. ஒன்று யோவான் 10:28: "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." மற்றது எபிரெயர் 10:26: மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்தால் வேறொரு பலி இனியில்லை என்ற எச்சரிப்பு. கொடுமை என்னவென்றால், அழுதுகொண்டிருப்பவர் எபிரெயரை எடுத்துத் தன்னையே குத்திக்கொள்கிறார். துணிகரமாய் வாழ்கிறவரோ யோவானைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்கிறார். யாருக்குச் சொன்ன வசனம் என்று பாராமல் எடுப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

எபிரெயர் நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். விசுவாசத்துக்காக ஆஸ்திகளைப் பறிகொடுத்தவர்கள் (10:34). நெருக்கம் தாங்காமல், கிறிஸ்துவை விட்டுப் பழைய பலிமுறைக்கே திரும்பிவிடலாமா என்று தடுமாறினவர்கள். அங்கே போனால் உங்களுக்கு வேறு பலி கிடையாது என்பதே ஆசிரியரின் வாதம். அது எந்தப் பாவம் என்பதையும் 29ஆம் வசனம் சொல்லிவிடுகிறது: தேவகுமாரனைக் காலின்கீழ் மிதிப்பது, உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தமென்று எண்ணுவது, கிருபையின் ஆவியை நிந்திப்பது. ஆபாசப் படம் பார்த்தவரும், கோபத்தில் மனைவியை அடித்தவரும், கணக்கில் பொய் எழுதியவரும் பாவம்தான் செய்தார்கள். அதை யாரும் லேசாக்க வேண்டாம். ஆனால் "தெரிந்தே செய்தேன், ஆகவே எனக்கு வழியில்லை" என்ற முடிவு இந்த வசனத்தில் இல்லை. தாவீது விபசாரத்தையும் கொலையையும் தெரிந்தேதான் செய்தான். பேதுரு மூன்று தரமும் தெரிந்தேதான் மறுதலித்தான். இருவரும் மனங்கசந்து திரும்பினார்கள்.

எச்சரிப்பு நமக்கில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பாவத்தின் வஞ்சனையினால் இருதயம் கடினப்படும் என்று அதே நிருபம் சொல்கிறது (3:13). எதிர்த்துப் போராடுவதையே நிறுத்திவிட்ட பாவம்தான் அந்தப் பாதையில் கொண்டுபோகும்.

எபிரெயர் 6:4-6ஐ வைத்து "உன் இரட்சிப்பு போய்விட்டது, இன்றிரவு முன்னால் வந்து மறுபடியும் பெற்றுக்கொள்" என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. அந்தப் பகுதி சொல்வதோ, மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்கேதுவாய்ப் புதுப்பிக்கிறது கூடாத காரியம் என்று. சாதாரண வீழ்ச்சிக்கு அதைப் பொருத்தினால் திரும்பி வரும் வாசலையும் அடைக்க வேண்டிவரும். பாதியை எடுத்துப் பாதியை விடுவது வேதத்தைக் கையாளும் முறையல்ல.

இந்தப் பழக்கத்தின் விளைவைப் பல சபைகளில் பார்க்கலாம்: ஒவ்வொரு கன்வென்ஷனிலும் கையுயர்த்தி, ஒவ்வொரு உபவாசக் கூடுகையிலும் புதிதாய் ஒப்புக்கொடுத்து, மூன்றாம் முறை ஞானஸ்நானமும் கேட்கிறவர்கள். பாவி முதன்முதலாய் வருவதற்கும் பிள்ளை தகப்பனிடம் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்றுதான் அது தொடங்குகிறது. சிட்சை வருவதே புத்திரர் என்பதற்கு அடையாளம் என்கிறது எபிரெயர் 12:6-8.

எதிர்த்தரப்பைக் கேலிச்சித்திரமாக்குவது அடுத்த தவறு. ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் என்றென்றைக்கும் என்பவர்கள் பாவத்துக்கு லைசன்ஸ் கொடுக்கிறார்கள் என்பது பொதுவான குற்றச்சாட்டு. நெதர்லாந்தில் 1618-19இல் கூடிய டார்ட் சினாடு என்னும் திருச்சபை மாமன்றம், தேவன் தம்முடையவர்களை இறுதிவரை காப்பார் என்று அறிக்கையிட்டது. அதே அறிக்கை, விசுவாசியின் பெரும் பாவம் ஆவியானவரைத் துக்கப்படுத்தும், விசுவாசத்தின் செயலை முடக்கும், மனசாட்சியைப் புண்படுத்தும், கிருபையின் உணர்வையே சிலகாலம் இழக்கச்செய்யும் என்றும் அடுக்குகிறது. இதை வாசித்தவர் பாவத்தைச் சாதாரணமாய் நினைக்கமாட்டார். மறுபக்கம், அர்மினியஸ் என்ற டச்சு இறையியலாளரைப் பின்பற்றியவர்கள் 1610இல் வெளியிட்ட ஐந்து கூற்றுகளில் கடைசியானது, விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பதை வேதத்திலிருந்து இன்னும் நுணுக்கமாய் ஆராய வேண்டும் என்றே நிறுத்திக்கொண்டது.

லுத்தரன் சபையின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்ற போதனையை மறுக்கிறது. கத்தோலிக்கப் போதனையில் சாவான பாவத்துக்கு, அதாவது கிருபையை இழக்கச்செய்யும் பாவத்துக்கு, மூன்று நிபந்தனைகள்: கனமான காரியம், முழு அறிவு, மனப்பூர்வமான சம்மதம். 1947இல் ஒன்றான தென்னிந்தியத் திருச்சபையிலோ இரட்சிப்பை இழக்க முடியும் என்ற வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும், முடியாது என்ற கால்வினின் வழிவந்த பிரெஸ்பிட்டேரியன்களும் ஒரே கூரையின்கீழ் வந்தார்கள். உங்கள் ஆலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேறுவிதமாய் நம்பினால் அவர் துர்உபதேசக்காரர் அல்ல.

பாவத்தில் சுகமாய் இருப்பவரைப் பற்றி ஒரு தரப்பு "இழந்துவிட்டார்" என்கிறது, மற்றது "பெற்றிருக்கவே இல்லை" என்கிறது. இரண்டு தரப்பும் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியது ஒன்றே: மனந்திரும்பு. ஆகவே எந்தக் காலத்திலோ தீர்மான அட்டையில் எழுதிய தேதியைக் காட்டி அவரைத் தேற்றாதீர்கள். 2 கொரிந்தியர் 13:5 இன்றைய நிலையைத்தான் சோதிக்கச் சொல்கிறது. அவர் மீட்பு இழந்தவர் என்று தீர்ப்புக் கூறுவதும் நம் வேலையல்ல. கொரிந்துவில் தகப்பன் மனைவியை வைத்திருந்தவனைச் சபையைவிட்டு விலக்கச் சொன்ன பவுல், அவனுடைய ஆவி இரட்சிக்கப்படும்படி என்றே காரணம் சொன்னார் (1 கொரி 5:5).

அறிக்கையிடாத ஒரு பாவத்தோடு விபத்தில் செத்தால் நரகமா என்ற பயமும் பலரை வாட்டுகிறது. தன் பாவங்கள் எல்லாவற்றையும் நினைவுகூர்ந்து முடித்தவர் உலகத்தில் இல்லை. நம்பிக்கை நம்முடைய பட்டியலின் முழுமையில் இருந்தால் ஒருவரும் தப்பமாட்டார்; அது சிலுவையில் இருக்கிறது.

விழுந்தவர் செய்யவேண்டியதில் வரும் தவறு, பொத்தாம்பொதுவாக "ஆண்டவரே, என் குறைகளை மன்னியும்" என்று முடித்துக்கொள்வது. பாவத்தைப் பேர்சொல்லி அறிக்கையிடுங்கள். பணம் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வாயை அடக்கத் தெரிந்த, முதிர்ந்த ஒருவரிடம் சொல்லுங்கள். ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் சொல்வது நல்லது. நாட்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், வெட்கம் ஜெபத்தை நிறுத்திவிடும். மன்னிப்பு கிடைத்தால் பின்விளைவும் நீங்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்று கேட்ட தாவீதின் வீட்டைவிட்டுப் பட்டயம் விலகவில்லை. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருந்தால், சபைக்குள் ஜெபித்து மூடிவைப்பது பாவத்தோடு சட்டமீறலும்கூட. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றத்தை அறிந்த எவரும் போலீசில் தெரிவித்தே ஆகவேண்டும்.

கடைசியாக, "மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ" என்று நடுங்குபவர்களுக்கு. இயேசு அந்தப் பாவத்தைப் பற்றி எச்சரித்த காரணத்தை மாற்கு 3:30 சொல்கிறது: கண்முன் நடந்த தேவனுடைய கிரியையைப் பார்த்து, இயேசு அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறார் என்று வேதபாரகர் சொன்னார்கள். விரும்பாமலே மனதில் வந்து மோதும் தூஷண வார்த்தை அதுவல்ல. அது ஓயாமல் வந்து, ஒவ்வொரு தரமும் மன்னிப்புக் கேட்டால்தான் நிம்மதி என்று ஆகிவிட்டால், அது ஓசிடி என்னும் மனநோயாக இருக்கக்கூடும். திரும்பத் திரும்ப அறிக்கையிடச் சொல்லும் போதகர் அறியாமலே நோயை வளர்க்கிறார். மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். மருந்தும் பயிற்சிமுறைச் சிகிச்சையும் இருக்கின்றன. அங்கே போவது அவிசுவாசம் அல்ல.