மலிவான அக்கூஸ்டிக் கிட்டார்: எதைப் பார்த்து வாங்குவது, எதை நாமே சரிசெய்வது

விலை கூடிய கிட்டாருக்கு நாம் கொடுக்கும் பணம் மரத்துக்கு மட்டும் போவதில்லை, கைவேலைக்கும் போகிறது. நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு துண்டு) பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது, சேடிலை (மேல்பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் என்ற மரத்துண்டின் மேல் கம்பிகளைத் தாங்கும் துண்டு) இழைப்பது, ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நுனிகளை மழுக்குவது எல்லாம் நேரம் பிடிக்கிற வேலைகள். மலிவான கிட்டாரில் தொழிற்சாலை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். அந்த வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டியவை, பிறகு எளிதில் திருத்த முடியாத மூன்றுதான்: மேல்பலகை, கழுத்தின் சாய்வு, ஃபிரெட்டுகள். கம்பி உயரமாக இருக்கிறது, விரல் வலிக்கிறது என்பதற்காக ஒரு நல்ல கிட்டாரைத் தள்ளிவிட வேண்டாம்.

மேல்பலகை

ஒலியில் பெரும்பகுதி மேல்பலகையிலிருந்து வருகிறது. அது ஒரே மரத்தில் இழைத்த சாலிட் டாப்பாக இருக்க வேண்டும். மூன்று மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய லாமினேட், அதே அளவு தாராளமாக அதிராது. விளம்பரத்தில் ‘ஸ்ப்ரூஸ் டாப்’, ‘செலக்ட் ஸ்ப்ரூஸ்’ என்று மரத்தின் பெயரை மட்டும் போட்டு ‘சாலிட்’ என்ற சொல்லை விட்டிருந்தால் அது லாமினேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சவுண்ட் ஹோலின் (மேல்பலகையில் இருக்கும் வட்ட ஓட்டை) விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே ஓடும் மரவரிகள் விளிம்பிலும் அப்படியே இறங்கினால் சாலிட். சாண்ட்விச் மாதிரி அடுக்குகள் தெரிந்தால் இல்லை. விளிம்புக்குக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

யமஹா எஃப்310 லாமினேட். அதே நிறுவனத்தின் எஃப்ஜி800 சாலிட். ஃபெண்டர் சிடி-60 வரிசையில் பெயரில் 60-க்கு அடுத்து வரும் ‘எஸ்’தான் சாலிட் டாப்பைக் குறிக்கிறது. ஓர் எழுத்து, ஆனால் காதுக்குத் தெரிகிற வித்தியாசம்.

பின்பலகையும் பக்கங்களும் லாமினேட்டாக இருந்தால் கவலை வேண்டாம். டோரஸ் என்ற ஸ்பானியக் கைவினைஞர் 1862-இல் பின்புறத்தையும் பக்கங்களையும் அட்டையில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸில் வைத்து ஒரு கிட்டார் கட்டினார். எது முக்கியம் என்று காட்டத்தான் அது. 2018-இல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில் பின்பலகை, பக்க மரம் மட்டும் மாறிய 6 கிட்டார்களை 52 வாசிப்பாளர்கள் மரம் கண்ணுக்குத் தெரியாதபடி வாசித்தார்கள். விலை உயர்ந்த ரோஸ்வுட்டுக்குத் தனி மதிப்பு கிடைக்கவில்லை.

கழுத்தின் சாய்வு, ஃபிரெட்டுகள்

நீளமான, வளையாத ஸ்கேலை ஃபிரெட்டுகளின் மேல் நடுவில் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மரத்தின் மேல்முகத்தைத் தொட்டபடியோ, ஒரு மயிரிழை மேலேயோ நிற்க வேண்டும். பிரிட்ஜின் முன்பக்கத்தில் போய் இடித்தால் கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்யக் கழுத்தைக் கழற்றி ஒட்ட வேண்டும், கிட்டாரின் விலையையே அந்தக் கூலி தாண்டிவிடும். சேடில் பிரிட்ஜுக்கு மேலே 3 மி.மீ.க்குக் குறையாமல் தெரிகிறதா என்றும் பாருங்கள். பிறகு இறக்குவதற்கு இடம் வேண்டுமே.

ஃபிரெட்டுக்கு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி வாசியுங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ‘சர்ர்’ என்றால் அதற்கு அடுத்த ஃபிரெட் தூக்கியிருக்கிறது. ஏடிஎம் கார்டின் நேர் விளிம்பை மூன்று ஃபிரெட்டுகளின் மேல் வைத்து ஆட்டிப் பார்த்தால் தெரியும்: ஊஞ்சலாடினால் நடு ஃபிரெட்தான் குற்றவாளி. ஓரிரண்டு என்றால் தட்டி உட்கார வைக்கலாம். கழுத்து முழுக்க இப்படி இருந்தால் வேறு கிட்டாரைக் கேளுங்கள். அதே மாடலில் இரண்டு கிட்டார்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

வீட்டு வேலை: வரிசை மாறக் கூடாது

முதலில் புதுக் கம்பி. 12-53 அளவு (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மொத்தம் சுமார் 70 கிலோ இழுவை தரும். விரல் பழகாதவர்கள் 11-52 போடலாம். கம்பியைப் பிரிட்ஜில் பிடித்துவைக்கும் முளையான பிரிட்ஜ் பின்னைச் செருகும்போது கம்பியின் நுனி உருண்டை, உள்ளே பிரிட்ஜுக்கு நேர் அடியில் இருக்கும் தகட்டில் போய் முட்டி நிற்க வேண்டும். பின்னின் முனையில் தொங்கினால் இறுக்கும்போது பின் எகிறும், போகப் போகத் தகடும் கிழியும். பின்னை அழுத்தியபடியே கம்பியை மேலே சுண்டி இழுத்தால் உருண்டை தானே இடம் பிடிக்கும்.

சுருதி சேர்த்த பின் கழுத்தின் வளைவு. முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, தடித்த கம்பியை 14-ஆம் ஃபிரெட்டில் அழுத்துங்கள். 7-ஆம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.2 மி.மீ. அளவு இடைவெளி வேண்டும். சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன், ஆகவே இரண்டு தாள் உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) கடிகாரத் திசையில் கால் சுற்று இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். முறுக்க அடம்பிடித்தால் அங்கேயே நிறுத்துங்கள், ராட் அறுந்தால் கழுத்தே போச்சு. கம்பி உயரத்தைக் குறைக்க ட்ரஸ் ராடைத் திருகுவது எல்லோரும் செய்கிற தப்பு. அது வளைவுக்கான திருகு, உயரத்துக்கானது அல்ல.

அடுத்தது நட். மலிவான கிட்டாரில் ஏறக்குறைய எப்போதுமே நட் உயரம்தான். எஃப் பாரே (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பிடி) வரவில்லை என்று விரலைத் திட்டுகிறவர்களில் பலருக்கு உண்மையில் இதுதான் தடை. கம்பியை 3-ஆம் ஃபிரெட்டில் அழுத்தி, முதல் ஃபிரெட்டின் மேல் தட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற இடைவெளி போதும். தாராளமாகத் தெரிந்தால் அந்தக் கம்பியின் தடிமனுக்கேற்ற நட் அரத்தால், தலைப்பக்கம் சற்றுச் சாய்த்து, நாலைந்து இழுப்பு மட்டும் அராவி மறுபடி பாருங்கள். ஆழம் கூடினால் திறந்த கம்பி இரையும். அப்படி ஆகிவிட்டால் பள்ளத்தில் சமையல் சோடா தூவி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, காய்ந்ததும் புதிதாக அராவுங்கள். சுருதி நிற்காததற்கு ட்யூனிங் கீயைக் குற்றம் சொல்வதற்கு முன், திருகும்போது நட்டில் ‘டிங்க்’ என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் பள்ளம் கம்பியைக் கவ்வுகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தாலே பாதி குணமாகும்.

கடைசியில் சேடில். 12-ஆம் ஃபிரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிப்பாகம் வரை அளந்து பாருங்கள். தடித்த கம்பிக்கு 2.4, மெல்லிய கம்பிக்கு 1.8 மி.மீ. வசதியான உயரம். 12-ஆம் ஃபிரெட் கம்பியின் நடுப்புள்ளி, ஆகவே அங்கே குறைய வேண்டியதன் இரு மடங்கு சேடிலில் குறைய வேண்டும். 3.2 இருந்து 2.4 வேண்டுமென்றால் வித்தியாசம் 0.8, தேய்க்க வேண்டியது 1.6 மி.மீ. சேடிலின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய 120 நம்பர் உப்புத்தாளில் நேராக நிறுத்தித் தேயுங்கள். மேல்பக்கத்தைத் தொடாதீர்கள், அந்த வளைவு ஃபிரெட்போர்டுக்குப் பொருந்த வெட்டியது. அடி கோணலானால் சேடில் பிரிட்ஜில் முழுக்கப் பதியாது, ஒலி மங்கும். கோட்டுக்கு அரை மி.மீ. முன்பே நிறுத்திப் போட்டுப் பாருங்கள். கூடத் தேய்த்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது. பிளாஸ்டிக் சேடிலுக்குப் பதில் எலும்பு சேடில் போடுவது நல்லதுதான், ஆனால் பள்ளத்தில் ஆடாமல் நிற்கும் பிளாஸ்டிக், ஆடுகிற எலும்பைவிட மேல்.

மாற்ற முடியாதது

தடித்த பாலியெஸ்டர் பூச்சும் உள்ளே இருக்கிற கனமான சட்டங்களும் அப்படியேதான் இருக்கும். சுரண்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். சாலிட் டாப்புக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் பிடிக்கும். காற்று வறண்டால் பலகை வெடிக்கும், ஃபிரெட் நுனிகள் துருத்திக்கொண்டு கையைக் கிழிக்கும். ஈரம் கூடினால் மேல்பலகை உப்பி, நீங்கள் தேய்த்து இறக்கிய உயரம் திரும்ப ஏறும். அதனால் பருவம் மாறும்போது 12-ஆம் ஃபிரெட்டை மறுபடி அளந்துவிட்டு, அதற்குப் பிறகே சேடிலில் கை வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைக்காதீர்கள்: பசை இளகி, பிரிட்ஜின் பின்விளிம்பு கிளம்பும். அங்கே ஒரு தாள் நுழைகிறதா என்று அவ்வப்போது சோதித்தால், பிடுங்கிக்கொண்டு வருவதற்கு முன்பே ஒட்டிவிடலாம்.