நூரி மாதிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிக்ஃபீல்ட்சில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் மாதிரி செய்வோர் மேசைக்குச் சென்ற மாதம் ஒரு தம்பி கொண்டுவந்த நூரி ஹெலிகாப்டரின் சிறு மாதிரியில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த கோளாறு அப்படியே இருந்தது. பசை வழிவதையும் சாயம் திட்டாவதையும் அவரவர் கையே திருத்திக்கொள்ளும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேறு சீ கிங்கை வாங்குவது

நூரி என்பது சிகோர்ஸ்கி எஸ்-61ஏ-4. நீர்மூழ்கிகளை வேட்டையாட அமெரிக்கக் கடற்படைக்காக உருவாகி 1959இல் முதன்முதலாகப் பறந்த சீ கிங் ஹெலிகாப்டரின் வழிவந்த இது, 1960களின் இறுதியில் அரச மலேசிய ஆகாயப் படைக்கு வந்து, நீருக்கடியில் ஒலியால் துழாவும் சோனார் கருவிக்குப் பதில் வீரர்களுக்கான இருக்கைகளைச் சுமந்து, 2020இல்தான் ஓய்வு பெற்றது.

வீரர்களை ஏற்றும் ரகம்தானே வேண்டும் என்று எண்ணி, பிரிட்டனின் வெஸ்ட்லேண்ட் சீ கிங் எச்.சி.4 மாதிரியின் பாகங்கள் அடங்கிய பெட்டியை 140 வெள்ளிக்கு வாங்கினேன். "எல்லாம் ஒரே சீ கிங்தான், அண்ணே" என்றார் கடைக்காரர். அந்தக் குரல் இன்னும் எரிச்சலூட்டுகிறது. படகு போன்ற அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவாக இருப்பதுதான் கண்ணை ஏமாற்றுகிறது. நூரியின் இருபுறமும் மிதவைகள் உண்டு. முன்சக்கரங்கள் அவற்றுக்குள் மடங்கும். எச்.சி.4இல் மிதவையே இல்லை, சக்கரங்களும் மடங்குவதில்லை. அதன் வால் சுழலியில் ஆறு அலகுகள் (சுழலும் இறக்கைகள்), சிகோர்ஸ்கியினுடையதில் ஐந்து. பிளாஸ்டிக் தகட்டில் மிதவை செதுக்கி மூன்று வாரம் போராடியும் இரண்டும் ஒரே உயரத்தில் அமையவில்லை. வண்டி கடைசிவரை ஒருபக்கம் சாய்ந்தே நின்றது.

ஆகவே அமெரிக்கக் கடற்படையின் சீ கிங் ரகமான எஸ்.எச்-3டி வகைப் பெட்டியைத் தேடுங்கள். அதிலுள்ள கடற்போர்க் கருவிகளை ஒட்டாமல் விடுவது, இல்லாத மிதவையைப் படைப்பதைவிட எவ்வளவோ எளிது. பெட்டியின் மேற்படத்தை நம்பாமல், பாகங்களின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

எண்ணும் காலமும்

தொடக்கத்தில் எஃப்.எம். எனத் தொடங்கிய பதிவெண்கள் பின்னர் எம்23 வரிசைக்கு மாறின. சில நூரிகள் பிற்காலத்தில் தரைப்படைக்கும் போயின. எந்த ஆண்டின் ஒளிப்படத்தைப் பார்த்துச் செய்கிறீர்களோ, எண், சாயம், சின்னம் மூன்றையும் அந்த ஒரே படத்திலிருந்து எடுங்கள்.

சுழலி அலகுகள்

தரையில் நிற்கும்போது அவை தொய்ந்திருக்கும். நேராக ஒட்டாதீர்கள்.

இடம்

1/48 அளவில் (அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு) மேற்சுழலியின் விட்டம் மட்டும் 39 செ.மீ. வரும், அலமாரியை முதலில் அளந்துவிடுங்கள்.