அமெட் கடற்கரையில் ஒரு துண்டு நிலம்: வெளியூர்க்காரர் செய்யும் தவறுகள்

பாலித் தீவின் வடகிழக்கு முனையில், ஆகுங் எரிமலையின் காலடியில் கிடக்கிறது அமெட். முதல் தவறு அந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. அமெட் என்பது உண்மையில் ஒரு சின்னக் குப்பத்தின் பெயர். ஜெமலுக், புனுட்டான், லிப்பா, செலாங், பன்யுனிங், ஆஸ் என்று கரையோரமாக வரிசையாகக் கிடக்கும் அத்தனை குப்பங்களையும் வெளியூர்க்காரர்கள் அமெட் என்றே அழைக்கப் பழகிவிட்டார்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஏறி இறங்கி வளையும் ஒரே சாலை. 'அமெட்' என்று மட்டும் பார்த்து அறை எடுப்பவர் ஆஸ் பக்கம் இறங்கி, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கடை தேடி அலைவார். குப்பத்தின் பெயரைக் கேட்டு எடுங்கள். வெள்ளை மணலை எதிர்பார்த்தும் போகாதீர்கள். எரிமலை தந்த கறுப்பு மணலும் கூழாங்கல்லும்தான் இங்கே.

நாலு நாள் தங்க வந்தவருக்கு ஐந்தாம் நாள் ஓர் ஆசை முளைக்கும்: இங்கேயே ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டால் என்ன? சேதாரம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, நிலத்தின் முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கே. அதற்கு 'ஹக் மிலிக்' என்று பெயர். இதைத் தெரிந்துகொண்டதும் பலர் செய்வது, உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பத்திரம் போட்டுவிட்டு, 'பணம் என்னுடையது' என்று தனியே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது. நம்மூர்ப் பாஷையில் பினாமி. 'எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், ஒன்றும் ஆகாது' என்று சொல்லும் தரகர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று படித்துப் பாருங்கள். வெளிநாட்டவருக்கு நேராகவோ சுற்றிவளைத்தோ முழு உரிமையை மாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது. நிலம் அரசுக்குப் போகும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. பெயர் கொடுத்தவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும், அவர் காலத்துக்குப் பின் அவருடைய பிள்ளைகளிடம் அந்தத் தனி ஒப்பந்தத்தை நீட்டி நிற்பது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகள் மூன்று. குடியிருப்பு அனுமதி உள்ளவர் 'ஹக் பக்காய்' என்னும் பயன்பாட்டு உரிமை வாங்கலாம். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பித்தல் 30. அந்நிய முதலீட்டு நிறுவனம் பதிவு செய்தவர்கள் கட்டட உரிமை வாங்கலாம். மூன்றாவது, சாதாரண நீண்டகாலக் குத்தகை. கடற்கரைக் கிராமங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். எதை எடுத்தாலும் உங்கள் கைக்கு வருவது சில பத்தாண்டுகள் மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொண்டு விலை பேசினால் பாதித் தவறு குறையும்.

குத்தகைப் பத்திரத்தில் எல்லாரும் கோட்டைவிடும் இடம் நீட்டிப்பு. 'காலம் முடிந்ததும் அன்றைய சந்தை விலைக்கு நீட்டிக்கலாம்' என்று ஒரு வரி இருக்கும், படிக்கத் தைரியமாகவும் இருக்கும். அந்தச் சந்தை விலையை யார் சொல்வது? 25 ஆண்டு கழித்து நிலத்துக்காரர் சொல்வதுதான் விலை. அதற்குள் நீங்கள் கட்டிய வீடும் அவர் மண்ணில் நிற்கும். நீட்டிப்பு விலையைக் கணக்கிடும் முறையை இன்றே எழுதி வாங்குங்கள். அளவிலும் குழப்பம் வரும். பாலியில் 'ஆரெ' கணக்கு. ஓர் ஆரெ 100 சதுர மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். குத்தகை விலையை 'ஓர் ஆரெக்கு, ஓர் ஆண்டுக்கு' என்று சொல்வார்கள். அதை மொத்த விலையாக நினைத்து மலிவு என்று துள்ளுவோர் உண்டு. ஆண்டுகளால் பெருக்கிப் பாருங்கள், பெரும்பாலும் முழுத் தொகையையும் முன்னதாகவே கேட்பார்கள்.

பிறகு காகிதம். நிலத்துக்காரர் 'பிபில்' என்று ஒரு பழைய தாளைக் காட்டினால், அது வரி கட்டியதற்கான அடையாளம்; உரிமைச் சான்றிதழ் ஆகிவிடாது. அரசு நில அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. அந்த வேலையைச் செய்ய உரிமம் பெற்ற நிலப்பத்திர அதிகாரிகள் இருக்கிறார்கள். விற்பவர் கூட்டிவரும் ஆளையே நம்பாமல் நீங்களே ஒருவரைப் பிடியுங்கள். கூடவே, அந்த நிலம் யாருடையது என்பதைக் கிராமத்திலும் கேட்க வேண்டும். பாலியில் ஊர்ப் பொது நிலம் உண்டு. 'லாபா புரா' எனப்படும் கோயில் நிலமும் உண்டு. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து என்றால், கையெழுத்துப் போட வேண்டியவர்களில் ஒருவர் எங்கோ தொலைதூரத் தீவில் வேலையில் இருப்பார்.

கடலை ஒட்டிய மனைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: கரையோரக் காப்பு எல்லை, உச்ச அலை தொடும் இடத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர். 'பக்கத்தில் கட்டியிருக்கிறார்களே' என்பது வாதமாகாது. 2025 ஜூலையில் தென் பாலியின் பிங்கின் கடற்கரையில், அரசு நிலத்தில் நின்ற 40க்கும் மேற்பட்ட கட்டடங்களை அரசே இடித்தது. பல ஆண்டுகள் வியாபாரம் நடந்த இடங்கள் அவை. அமெட்டில் கரையோரம் ஜுக்குங் படகுகளுக்கும் வேண்டும். இருபுறமும் மூங்கில் மிதவை கட்டிய அந்தப் படகுகளை மீனவர்கள் விடிகாலையில் தள்ளி, விடிந்ததும் சூரையோடு திரும்பி அதே மணலில் ஏற்றுவார்கள். அந்த வழியில் வேலி போட்டவரை ஊர் மறக்காது.

தண்ணீரை வீடு கட்டிய பிறகே நினைப்பது இன்னொரு தவறு. பச்சைப்பசேல் பாலி என்ற படம் இந்தப் பக்கத்துக்குப் பொருந்தாது. மலையின் மழை மறைவில் கிடக்கும் வறண்ட மண் இது. கடலோரக் கிணறு உப்புக் கரிக்கும். மாடியில் நீச்சல் குளத்துக்கு வரைபடம் போடும் முன், கோடையில் லாரித் தண்ணீருக்கு அக்கம்பக்கத்தார் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

அரசாங்கத்தைச் சரிக்கட்டிவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைப்பவருக்கு இங்கே இரண்டாவது அரசாங்கம் ஒன்று காத்திருக்கிறது. 'பஞ்சார்' என்பது தெரு அளவிலான சங்கம். அதற்கு மேல் 'தேசா ஆடாட்' எனும் மரபுக் கிராமம். குடியேறுபவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, சொல்லும் பங்குத் தொகையைக் கட்ட வேண்டும். இதை லஞ்சம் என்று நினைத்து முறைத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நம்மூரில் கோயில் கொடைக்கு வரி கட்டாதவரை ஊர் எப்படிப் பார்க்கும்?

ஞெப்பி நாளைத் தெரியாமல் பயணத்தேதி வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் மார்ச்சில் வரும் இது பாலியின் சக ஆண்டுப் பிறப்பு. 24 மணி நேரம் விமான நிலையமே மூடிக்கிடக்கும். விளக்கு ஏற்றக் கூடாது, வாசலைத் தாண்டக் கூடாது. 'பெச்சாலாங்' எனும் ஊர்க் காவலர்கள் சுற்றி வருவார்கள். மற்ற நாள்களில், வாசலில் பூவும் அரிசியும் வைத்த சின்ன ஓலைத்தட்டு கிடந்தால் தாண்டி நடங்கள், மிதிக்காதீர்கள்.

சுற்றுலா விசாவில் வந்து தங்குமிடம் நடத்துவதோ சம்பளத்துக்கு ஆழ்கடல் நீச்சல் கற்றுத்தருவதோ நாடு கடத்தலில் முடியும். நாள் கணக்கை மறந்தால், கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10 லட்சம் ரூபியா. தெருநாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குக் கிளம்புங்கள். பாலியில் 2008 முதல் ரேபிஸ் இருக்கிறது.

கடைசி நாள் திட்டத்திலும் ஒரு பொறி உண்டு. பக்கத்து ஊரான துலாம்பெனில் லிபர்ட்டி என்ற அமெரிக்கக் கப்பல் கிடக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியதில் கரை தட்டி நின்ற அதை, 1963ஆம் ஆண்டு ஆகுங் வெடித்தபோது நிலம் குலுங்கிக் கடலுக்குள் தள்ளிவிட்டது. காலையில் காற்றுச் சிலிண்டரோடு மூழ்கி அதற்குள் நீந்திவிட்டு மாலை விமானம் பிடிப்பது ஆபத்து. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, பல முறை மூழ்கியவருக்குக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். அது வெளியேறாமல் உடம்பைப் படுத்தினால், அதற்கான அழுத்த அறைச் சிகிச்சைக்கு டென்பசார்வரை, இரண்டரை மணி நேரமாவது போக வேண்டும்.

அந்த ஒரு நாளை உப்பளத்துக்கு ஒதுக்கலாம். உலர் பருவமாக இருந்தால், பிளந்து குடைந்த தென்னை மரத்தொட்டிகளில் உப்புநீர் காய்வதைப் பார்க்கலாம். கரையெங்கும் இருந்த தொட்டிகள் குறைந்து, இப்போது விடுதிச் சுவர்களுக்கு நடுவே அங்கங்கே சில மிச்சம். விற்பவர் பெரும்பாலும் காய்ச்சியவரே. பேரம் பேசாமல் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.