டிராக் டே காரின் டயர்கள் நீண்ட நாள் உழைக்க என்ன செய்ய வேண்டும்?

டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) முடிந்து கழற்றிப் போடப்படும் டயர்களைக் கூர்ந்து பார்த்தால், அவற்றில் பல முழுவதுமாகத் தேய்ந்துபோகவில்லை என்பது தெரியும். முன் டயரின் வெளிப்புறத் தோள் (ஓடுபரப்பும் பக்கச்சுவரும் சந்திக்கும் விளிம்பு) வழுக்கையாகி, சில வேளை உள்ளே இருக்கும் நூலிழைகள்கூட வெளியே தெரியும்; அதே டயரின் நடுவிலும் உட்புறத்திலும் பாதி ரப்பர் அப்படியே மிச்சமிருக்கும். இரண்டு விரல் அகலமுள்ள ஒரு பட்டை தேய்ந்துவிட்டதற்காக முழு டயரையும் இழக்கிறோம். தேய்மானத்தை டயரின் முழு அகலத்துக்கும் நான்கு சக்கரங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்து, ரப்பரைத் தேவைக்கு மேல் சூடாக்காமல் பார்த்துக்கொண்டால், வேகத்தை விட்டுக்கொடுக்காமலேயே டயரின் ஆயுளைக் கூட்ட முடியும்.

முதலில் கவனிக்க வேண்டியது கேம்பர், அதாவது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம். சக்கரத்தின் மேல்முனை உட்புறமாகச் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். சாலைக்காக விற்கப்படும் கார்களில் முன்சக்கர நெகட்டிவ் கேம்பர் பெரும்பாலும் 1 டிகிரி அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் அதனுடன் சாய்வதால், பாரம் முழுவதும் டயரின் வெளித்தோளில் இறங்குகிறது. மெக்பெர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன் (ஷாக் அப்சார்பரே சக்கரத்தை மேலே தாங்கிப் பிடிக்கும் அமைப்பு) உள்ள கார்களில் இந்தச் சாய்வை ஈடுகட்டும் அளவுக்குக் கேம்பர் தானாகக் கூடுவதில்லை. எனவே அவற்றில் இத்தேய்மானம் இன்னும் கடுமையாக இருக்கும். டிராக்கில் அடிக்கடி ஓடும் காருக்கு முன்பக்கம் 2.5 முதல் 3.5 டிகிரி வரை நெகட்டிவ் கேம்பரும், பின்பக்கம் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் வைப்பது நல்ல தொடக்கம். இதற்குக் கேம்பர் பிளேட் அல்லது சரிசெய்யும் போல்ட் வாங்க வேண்டியிருந்தாலும், ஒருசில செட் டயர்களின் ஆயுள் கூடும்போதே அந்தச் செலவு ஈடாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து. இவ்வளவு கேம்பர் வைத்தால் சாலையில் ஓட்டும்போது உட்புறம் தேய்ந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் உட்புறத்தை வேகமாக அரிப்பது பெரும்பாலும் அதிகப்படியான டோ-அவுட்தான், அதாவது மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்முனைகளும் வெளிநோக்கி விரிந்திருப்பதுதான். கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் பார்த்து முன்பக்க டோவைப் பூஜ்யத்துக்கு அருகில் கொண்டுவந்துவிட வேண்டும்.

அடுத்தது காற்றழுத்தம். டயரின் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் உயரும்போது அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அலகு) கூடும். ஆகவே சில சுற்றுகளிலேயே 6 முதல் 10 பிஎஸ்ஐ வரை ஏறிவிடுவது இயல்பு. கதவோரத்தில் எழுதியிருக்கும் அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு டிராக்கில் இறங்கினால், சூடான டயரின் நடுப்பகுதி புடைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, டயர் வழுக்கி, அந்த வழுக்கலாலேயே மேலும் சூடாகும். அழுத்தம் மிகக் குறைந்தாலோ பக்கச்சுவர் மடங்கித் தோள்கள் அரைபடும். அதிவேகத்தில் அது ஆபத்தும்கூட. எனவே குளிர்ந்த நிலையில் சற்றுக் குறைவாக வைத்துக்கொண்டு தொடங்கி, மூன்று நான்கு வேகச் சுற்றுகளுக்குப் பின் உள்ளே வந்து, டயர் ஆறுவதற்குள் அளந்து, கூடுதல் காற்றை வெளியேற்ற வேண்டும். சூடான நிலையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு டயர் தயாரிப்பாளரின் பரிந்துரையே முதன்மையானது. அது கிடைக்காதபோது, டிரெட்வேர் 200 வகை டயர்கள் (தேய்மான மதிப்பெண் 200 கொண்ட, மென்மையான ரப்பர் டயர்கள்) பலவற்றுக்குச் சூடான நிலையில் 32 முதல் 36 பிஎஸ்ஐ வரை என்று வைத்துத் தொடங்கலாம். கடிகாரச் சுற்றில் ஓடும் தடங்களில் இடப்பக்க டயர்கள் அதிகம் உழைத்து அதிகம் சூடாகும் என்பதால், ஒவ்வொரு டயரையும் தனித்தனியே அளந்து சரிசெய்ய வேண்டும். நாள் முழுவதும் ஒரே அளவுமானியைப் பயன்படுத்துங்கள். வெளியேற்றிய காற்றை, டயர்கள் ஆறிய பிறகு, வீடு திரும்பும் முன் மறக்காமல் மீண்டும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேம்பரும் அழுத்தமும் சரியாக இருக்கின்றனவா என்பதை டயரிடமே கேட்டறியலாம். தோளிலிருந்து பக்கச்சுவர் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டினால், டயர் எதுவரை மடங்கித் தரையைத் தொட்டது என்பதை அழிந்த இடம் காட்டும். பல டயர்களில் இதற்கென்றே தோளில் சிறு முக்கோணக் குறி இருக்கும். இதைவிடத் துல்லியமான வழி, ரப்பருக்குள் குத்தி அளக்கும் ஊசி முனையுள்ள பைரோமீட்டரால் (வெப்பமானியால்) உட்புறம், நடு, வெளிப்புறம் என மூன்று இடங்களில் வெப்பநிலையை அளப்பது. அகச்சிவப்புக் கருவி மேற்பரப்பை மட்டுமே காட்டும்; மேற்பரப்போ சில நொடிகளிலேயே ஆறிவிடும். வெளிப்புறம் அதிகச் சூடாக இருந்தால் கேம்பர் போதவில்லை. நடுப்பகுதி மற்ற இரண்டையும்விடச் சூடாக இருந்தால் அழுத்தம் அதிகம். உட்புறம் ஐந்தாறு டிகிரி கூடுதலாக இருப்பதில் தவறில்லை. அளக்க நினைக்கும் சுற்றில் மட்டும் மெதுவாக ஓட்டி ஆறவைக்காமல் நேராக உள்ளே வந்துவிட வேண்டும். ஆறிய டயர் உண்மையைச் சொல்லாது.

இவை எல்லாவற்றையும் சரியாக அமைத்த பிறகும், டயரின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பவை ஓட்டுநரின் கைகளும் கால்களுமே. டயர் தன் முழுப் பிடிப்பையும் ஒரு சிறிய வழுக்கல் கோணத்தில் (சக்கரம் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் உள்ள வித்தியாசம்) தருகிறது. அதைத் தாண்டினால் பிடிப்பு குறைகிறது, வெப்பம் மட்டும் ஏறுகிறது. வளைவுக்குள் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைந்து, கார் திரும்பவில்லையே என்று ஸ்டீயரிங்கை மேலும் மேலும் திருப்புவதுதான் முன் டயர்களைக் கொல்லும் மிகப் பெரிய பழக்கம். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைச் சற்று நேராக்கி வேகம் குறையவிட்டால் பிடிப்பு திரும்பிவிடும். அதைவிட நல்லது, கொஞ்சம் முன்னதாகவே பிரேக் பிடித்து, திருப்பத் தொடங்கும்போது பிரேக்கைப் படிப்படியாக விட்டு, முன்சக்கரங்களில் பாரம் இருக்கும்போதே காரைத் திருப்புவது. டயரின் ஓசையையும் கேளுங்கள்: தாழ்ந்த முனகல் உழைப்பின் அடையாளம், கீச்சிடும் அலறல் வீணாகும் ரப்பரின் அடையாளம். செமி-ஸ்லிக் டயர்கள் (பள்ளங்கள் மிகக் குறைந்த, பந்தய டயரை ஒத்தவை) அதிகம் சத்தமிடாது. அவற்றில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாவதை உணர்ந்துகொள்ள வேண்டும். வளைவிலிருந்து வெளியேறும்போது ஸ்டீயரிங் நேராகும் அளவுக்கே ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்சக்கர இயக்கக் காரின் பின் டயர்கள் தப்பும். முன்சக்கர இயக்கக் காரில் திருப்பும் வேலையும் இழுக்கும் வேலையும் முன் டயர்களுக்கே என்பதால் இந்தப் பொறுமை இன்னும் அவசியம்.

ஒரு செஷன் (தடத்தில் ஒருமுறை இறங்கி ஓட்டும் நேரம்) முழுவதும் உச்ச வேகத்தில் ஓட்ட வேண்டியதில்லை. முதல் சுற்றில் டயரைச் சூடாக்கி, மூன்று முதல் ஐந்து சுற்றுகள் வேகமாக ஓட்டி, எண்ணெயில் ஓடுவதுபோல் வழுக்கத் தொடங்கியதும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். புதிய டயர்களின் முதல் செஷனை மிதமாக ஓட்டி, பிறகு ஒரு நாள் முழுவதும் பயன்படுத்தாமல் வைத்திருப்பது, ரப்பர் சீராக இறுகி நீண்ட நாள் உழைக்க உதவும். ஆழமான புதிய டிரெட் கட்டைகள் (பள்ளங்களுக்கு இடையிலுள்ள ரப்பர் கட்டைகள்) வளைவில் நெளிந்து சூடாகித் துண்டு துண்டாகப் பிய்ந்துபோகக்கூடும் என்பதால், சாலை டயர்களைச் சற்றுத் தேய்ந்த பிறகே டிராக்குக்குக் கொண்டுவருவது நல்லது.

நான்கு சக்கரங்களும் ஒரே அளவாக இருந்தால் ஒவ்வொரு டிராக் டேக்குப் பிறகும் முன்பின் மாற்றுங்கள். வெளித்தோள் தேய்ந்த டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டால், தேயாத உட்புறம் வெளியே வரும். சுழல் திசை குறிக்கப்பட்ட டயரையும் இப்படித் திருப்பலாம். ஆனால் திருப்பியபின் அதைக் காரின் எதிர்ப்பக்கத்தில் மாட்ட வேண்டும். வெளிப்பக்கம் இதுதான் என்று குறிக்கப்பட்ட டயர்களைத் தயாரிப்பாளர் அனுமதித்தாலொழியத் திருப்பக் கூடாது.

டிராக்குக்கென்று தனி ரிம்களில் தனி டயர்கள் வைத்திருப்பவர்கள், அவற்றை வெயிலும் ஓசோனை வெளியிடும் மின்மோட்டார்களும் இல்லாத குளிர்ந்த இருட்டறையில் வைக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே சென்றால் மென்மையான ரப்பரில் விரிசல் விழக்கூடும். பலமுறை சூடாகி ஆறிய ரப்பர், ஆழம் மிச்சமிருந்தாலும் இறுகிப் பிடிப்பை இழக்கும். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணில் கடைசி இரண்டு, தயாரிப்பு ஆண்டைக் காட்டும். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் வெளித்தோளைக் கையால் தடவிப் பார்த்து, உட்புறத்தையும் குனிந்து பாருங்கள். நூலிழை தெரிந்தால் அந்த டயருடன் இன்னொரு சுற்றுகூட ஓட்டக் கூடாது.